வானத்திற் கண்டது பலூன்தானா?

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று பேசவிருக்கும் பொருளை நானாகத் தெரிந்தெடுக்கவில்லை. நம் சங்கத்து இளைஞர் நால்வர் அதை என் தலையிற் சுமத்திவிட்டார்கள். ஒருநாள் மாலை விளையாட்டு முடிந்து வீடு திரும்புகையில், மேற்கு வானில் வெண்ணிறமான உருண்டை ஒன்று அசையாது நிற்பதை அவர்கள் கண்டார்களாம். ஓடிவந்து சொன்னபோது பெரியவர் ஒருவர், "அது பலூன். போய்ப் படிக்கிற அலுவலைப் பாருங்கோ" என்று அனுப்பிவிட்டார். இளைஞர்களோ அது வேற்றுலகத்தார் ஏறிவந்த பறக்கும் தட்டு என்று வாதாடினார்கள். பின்பு இரு திறத்தாரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டு வந்தார்கள்.

தீர்ப்புச் சொல்லுமுன் பழைய வழக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அது அமெரிக்காவில் நடந்தது. அங்கேயும் கேள்வி இதேதான்: கண்டது பலூனா, அன்றா? ஆனால் அந்த வழக்கில் இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவனுடைய உயிர் போயிற்று. ஆதலால் அது வேடிக்கைக் கதையன்று.

1948ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் திகதி, பிற்பகல். கென்ரக்கி மாநிலத்தில், போட் நொக்ஸ் என்னும் இடத்தையடுத்த கொட்மன் விமானத் தளத்துக்குச் செய்தி வருகிறது: வானத்தில் விநோதமான வட்டப் பொருள் ஒன்று தெரிகிறதாம். ஓர் ஊரிலிருந்து மட்டுமன்று, ஒன்றுக்கொன்று நெடுந்தூரத்திலுள்ள பல ஊர்களிலிருந்தும் அவ்வாறே சொல்கிறார்கள். சற்று நேரத்தில் தளத்தின் கோபுரத்தில் நின்றவர்களும் அதைக் கண்டார்கள். தளத் தலைவரும் வந்து பார்த்தார். வெண்மையானது, பூரண சந்திரனில் நாலிலொரு பங்கு அளவினது என்பது அவர் கூற்று. வேறொருவர் குடைபோல் இருந்தது என்றார். இன்னொருவர் ஐஸ்கிறீம் கூம்பு போல் இருந்தது என்றார்.

அவ்வேளையில் நான்கு மஸ்ரங் ரக விமானங்கள் அவ்வழியாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குத் தலைவன் கப்டன் தோமஸ் மன்ரெல். இரண்டாம் உலகப் போரில் விமானமோட்டிச் சிறப்புப் பதக்கம் பெற்றவன். அப்பொருளைப் போய்ப் பார்க்கும்படி கோபுரத்தினர் கேட்டனர். ஒரு விமானம் எரிபொருட் குறைவால் விலகிக்கொள்ள, மற்றை மூன்றும் மேலே ஏறின. அப்பொருள் தனக்கு மேலேயும் முன்னேயும் செல்கிறது என்றும், உலோகத்தாலானது போலத் தோன்றுகிறது, மிகப் பெரியது என்றும் மன்ரெல் வானொலியில் அறிவித்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. 22,000 அடியளவில் துணை வந்த இருவரும் திரும்பிவிட்டனர். மன்ரெல் திரும்பவில்லை. அவனுடைய விமானத்தில் ஒட்சிசன் வசதி இருக்கவில்லை. அன்று பிற்பகலே பிராங்க்லின் என்னும் ஊரின் அருகே விமானம் நொறுங்கி விழுந்தது.

அன்பர்களே, 18,000 அடி உயரத்தில் வளியமுக்கம் நிலமட்டத்திலுள்ளதிற் பாதியாகிவிடுகிறது. 25,000 அடியில் ஒட்சிசன் இல்லாத மனிதன் தெளிவாகச் செயற்படக்கூடியது சில நிமிடங்களே. அதனினும் கொடிது, மயக்கம் வருவதை அவன் உணரமாட்டான். தான் நன்றாக இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருப்பான். துரத்தியது எதுவாயினும் அவனைக் கொன்றது அதுவன்று. காற்றின் மெலிவும் ஆவலின் மிகுதியுமே அவனைக் கொன்றன.

ஊர் வாய் சும்மா இருக்குமா? வேற்றுலகக் கப்பல் சுட்டு வீழ்த்தியது என்று ஒரு கதை எழுந்தது. அரசாங்கம் விடை சொல்ல வேண்டியதாயிற்று. சொன்ன விடை என்ன தெரியுமா? வெள்ளிக் கிரகம்! அந்நேரம் வெள்ளி வானத்தில் ஏறக்குறைய அத்திசையில் இருந்தது உண்மையே. ஆனால் நண்பகல் கழிந்த வானத்தில் வெள்ளியைக் காண முடிந்தாலும் அது ஊசிமுனை போன்ற புள்ளியாகவே தெரியும். சந்திரனில் நாலிலொரு பங்காகத் தெரியாது. வெள்ளி என்ற கருத்துக்கு இடமளித்த வானியற் பேராசிரியர் அலன் ஹைனெக் தாமே, பின்பு 1952இல் அவ்விளக்கம் பொருந்தாது என்று ஒப்புக்கொண்டார். சிப்பியை வெள்ளியென்று மயங்குவதைத் திரிபுக்கு உதாரணமாக நம் அளவை நூலார் சொல்வர். இவர்கள் பலூனை வெள்ளியென்றார்கள்!

விமானப் படையின் விசாரணைப் பகுதிக்குப் பின்னர் தலைவராயிருந்த எட்வேட் றப்பெல்ற் என்பவர் இவ்வழக்கை மீண்டும் புரட்டினார். அவருக்கு ஒரு செய்தி தெரியவந்தது. 1947ஆம் ஆண்டின் பிற்பகுதி தொட்டு அமெரிக்கக் கடற்படையினர் 'ஸ்கைஹூக்' என்னும் பெரும் பலூன்களை விட்டுவந்தனர். மெல்லிய பொலித்தீன் தாளாலானவை. மேலே சென்று விரிந்தபின் நூறடிக் குறுக்களவு வரை பருப்பவை. 60,000 அடிக்கும் மேலே மிதப்பவை. அக்காலத்தில் அவை இரகசியம். ஆகவே கோபுரத்தில் நின்றவர்களுக்கும் மன்ரெலுக்கும் இப்படியொரு பொருள் உண்டென்பதே தெரியாது.

இனி அவதானமாகக் கேளுங்கள். "பலூன்" என்று சொல்லிவிட்டாற் போதுமா? போதாது. அதையும் அளந்து பார்க்க வேண்டும்.

முதலாவது, பருமன். நூறடிப் பலூன் 60,000 அடிக்கு அப்பால் நின்றால், பூரண சந்திரனின் ஐந்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். தளத் தலைவர் சொன்னது நாலிலொரு பங்கு. கிட்டத்தட்டப் பொருந்துகிறது. ஆனால் பலூன் நேர் மேலே நில்லாமற் சாய்வாகத் தூரத்தில் நின்றால் இன்னும் சிறிதாகவே தெரியும். கண் மதிப்போ பெரும்பாலும் பெருக்கியே சொல்லும். ஆதலால் இச்சான்றை அரைச் சான்றாகவே கொள்ளலாம்.

இரண்டாவது, பல ஊரார் கண்டது. அப்பொருள் ஊருக்கு ஊர் மின்னலெனப் பாய்ந்தது என்று சிலர் வாதித்தனர். ஆனால் 60,000 அடி உயரத்திலுள்ள பொருளை நில வளைவு மறைக்காமல் ஏறக்குறைய 300 மைல் தூரம் வரை காணலாம். பல ஊரார் தத்தம் இடத்திலிருந்து ஒரே பொருளைக் கண்டிருக்கிறார்கள். பாய்ந்தது பொருளன்று, தொலைபேசிச் செய்தியே.

மூன்றாவது, வேகம். துரத்தத் துரத்த விலகிச் சென்றதே என்பர். இரவில் யாழ்தேவியில் வரும்போது யன்னலாற் பாருங்கள். சந்திரனும் பனைகளுக்கு மேலால் நம்முடன் கூடவே ஓடிவரும். தூரம் தெரியாத பொருளின் வேகத்தைக் கண்ணால் அறிய முடியாது. மன்ரெல் எவ்வளவு ஏறியும் அது மேலேயே இருந்தது. ஏனெனில் அது மஸ்ரங் விமானம் ஒருபோதும் எட்ட முடியாத உயரத்தில் நின்றது.

நான்காவது, வேறு சாட்சி. அன்று மாலை தெற்கேயுள்ள நஷ்வில் நகரில் வந்தர்பில்ற் பல்கலைக்கழக வானியலாளர் கார்ல் சைபேட் வானத்தில் ஒரு பொருளைக் கண்டார். அவர் சொன்னது, பேரிக்காய் வடிவமான பலூன், கீழே கயிறும் கூடையும் தொங்கின என்பதாகும். பார்த்துப் பழகிய கண் வடிவத்தைக் கண்டு சொன்ன சாட்சி இது. இதன் நிறை பெரிது.

ஐந்தாவதும் தலையாயதுமானது, ஏவிய இடம். பலூனென்றால் யாரோ ஓரிடத்தில் விட்டிருக்க வேண்டுமே! றப்பெல்ற் ஒகையோ மாநிலத்திலிருந்து விட்டதாக இருக்கலாம் என்று எண்ணினார். ஆனால் அந்நாளில் விட்டதற்கான பதிவு அவருக்குக் கிடைக்கவில்லை. 1956இல் வெளியான தம் நூலில் அக்குறையை மறையாமல் எழுதினார். அந்த நேர்மையை நான் போற்றுகிறேன். பிற்கால ஆய்வாளர்கள், முதல் நாள், அதாவது ஜனவரி 6ஆம் திகதி காலை, மினசோற்றா மாநிலத்து காம்ப் றிப்ளியிலிருந்து ஸ்கைஹூக் ஒன்று விடப்பட்டதை எடுத்துக்காட்டினர். அங்கிருந்து போட் நொக்ஸ் ஏறக்குறைய 700 மைல். சென்ற நேரம் ஏறக்குறைய 30 மணி. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 24 மைலுக்குச் சற்றுக் குறைவு. உயர்வானக் காற்று ஒரு பலூனைக் கொண்டுசெல்ல இது இயல்பான வேகமே.

இவ்வைந்தையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் அது பலூனாயிருத்தல் மிகப் பொருத்தம் என்று துணியலாம். ஆயினும் அது கருதலால் வந்த துணிவு. அப்பலூன் சென்ற வழியை மைல் மைலாகக் குறித்தார் எவருமிலர். இவ்வளவு தெரியும், இவ்வளவு தெரியாது என்று சொல்வதே அறிவுடைமை.

பலூனென்று சொல்வதும் சிலவேளை அரை உண்மையாகிவிடும். 1947ஆம் ஆண்டு யூலை 8ஆம் திகதி, நியூ மெக்சிக்கோவில் றொஸ்வெல் என்னும் ஊரின் விமானத் தளத்தினர் பறக்கும் தட்டு அகப்பட்டதாக அறிவித்தனர். உடனே மேலிடம் அது சாதாரணக் காலநிலைப் பலூன் என்றது. 1994இல் விமானப் படையே ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், சோவியத் அணுக்குண்டுப் பரிசோதனைகளை ஒலியால் அறிய விட்ட இரகசியப் பலூன் தொடரின் சிதைவே அதுவாகும் என்று கூறப்பட்டது. பலூன் என்பது உண்மைதான். சாதாரணம் என்பது உண்மையன்று. அந்த ஒளிப்பினால் முளைத்த ஐயம் இன்றும் வேரோடு நிற்கிறது.

அண்மைக் காலத்திலும் ஒன்று நடந்தது. 2023ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி, சீனாவின் பெரும் பலூன் ஒன்றை அமெரிக்க விமானம் கடல்மேல் வீழ்த்தியது. அடுத்து 10, 11, 12ஆம் திகதிகளில் மூன்று சிறு பொருள்களையும் வீழ்த்தினர். பின்பு ஜனாதிபதி பைடன், அவை தனியார் அல்லது ஆராய்ச்சி நிலையத்தார் விட்ட பலூன்களாக இருத்தல் கூடும் என்றார். அவற்றின் சிதைவுகள் கிடைக்கவில்லை, தேடுதல் நிறுத்தப்பட்டது. பயந்த கண்ணுக்குப் பலூனும் படையாகும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் பகுதித் திருவிழாக்களிற் புகைக்குண்டு விடுவதைப் பார்க்காதவர் நம்மில் யார்? தாளால் ஒட்டிய அந்தப் புகைக்குண்டு காற்றோடு போவது எங்களுக்குத் தெரியும். விட்டதைக் காணாத அயலூரார் இரவில் அதைக் கண்டால் என்ன நினைப்பார்கள்? பார்வை ஒன்றே. வேறுபடுவது அறிந்த செய்தி.

நம் நூல்களில் 'குற்றியோ மகனோ' என்று ஓர் உதாரணம் உண்டு. மங்கலில் நிற்பது மரக்குற்றியோ மனிதனோ என்று தெரியாதிருப்பது ஐயம். குற்றியை மனிதன் என்றே முடிவுகட்டுவது திரிபு. ஐயம் குற்றமன்று. அது தெளிவுக்குப் போகும் படி. அப்படியில் நில்லாமல் தட்டு என்று தாவிய இளைஞரும், பலூன் என்று தாவிய பெரியவரும் ஒரே பிழையைத்தான் செய்தார்கள். பெரியவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அளக்காமற் சொன்ன சரியான விடையினால் கேட்டவன் தெளிவடைவதில்லை. அவன் வாய்மூடிப் போகிறான், அவ்வளவே.

இளைஞர்களே, இனிமேல் ஒன்றைக் கண்டால் ஓடாமல் நின்று பாருங்கள். எழுதிவையுங்கள்: என்ன நேரம், எந்தத் திசை, அடிவானிலிருந்து எத்தனை விரற்கடை உயரம், காற்று எப்பக்கம், எத்தனை நிமிடம் தெரிந்தது, எப்படி மறைந்தது. பொழுது பட்டபின்னும் கால்மணி நேரம் வெண்மையாகப் பிரகாசித்துப் பின் செம்மையாகி மங்கினால் அது மிக உயரத்தில் நின்று வெயில் காய்ந்த பொருள் என்க. காற்றை எதிர்த்துச் சென்றால் பலூன் என்று சொல்ல அவசரப்படாதீர்கள். ஆனால் கீழ்க்காற்று ஒரு பக்கமும் மேற்காற்று மறுபக்கமும் வீசுவதுண்டு என்பதையும் மறவாதீர்கள். உலகமெங்கும் வளிமண்டல நிலையங்கள் பலூன் விடுவதற்கு நியமித்த நேரங்கள், நம் நேரப்படி காலை 5.30ஐயும் மாலை 5.30ஐயும் ஒட்டியவை. ஓரூரில் இருவர் இரண்டு இடத்தில் நின்று ஒரே நிமிடத்தில் திசையைக் குறித்தால், உயரத்தைக் கேத்திரகணிதத்தாற் கண்டுவிடலாம். நீங்கள் பள்ளிக்கூடத்திற் படித்த முக்கோணம் அதற்குத்தான் உதவும்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை ஒன்று வானத்தைக் காட்டி "அது என்ன?" என்று கேட்டால், முற்றத்துக்கு இறங்கி வந்து ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். படிப்பு அங்கேயும் நடக்கிறது.

தீர்ப்பு என்ன என்கிறீர்களா? அந்நால்வரையும் நான் விசாரித்தேன். ஒருவர் ஐந்தரை மணி என்றார். ஒருவர் ஆறரை என்றார். ஒருவர் பத்து நிமிடம் நின்றது என்றார். மற்றவர் பார்க்கு முன்னரே மறைந்தது என்றார். காற்றை எவரும் கவனிக்கவில்லை. ஆகவே அது பலூனாக இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல எனக்கு உரிமையில்லை. வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அடுத்த சாட்சியங்கள் எழுத்தில் வரட்டும்.