ஊருக்கு ஒரு புகைக் கணக்கு

(வயநாட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் மாலை வகுப்பில் பேசியது)



மீனங்காடியில் மரத்தை அடகு வைத்தால் பேங்கில் பணம் தருவார்களாமே, அது உண்மையா என்று உங்களில் பலர் கேட்டீர்கள். உண்மைதான். அந்தத் திட்டம் எப்படி வந்தது? அதில் நமக்கு என்ன இருக்கிறது? இன்று அதைப் பேசுவோம்.

மீனங்காடி நம் வயநாட்டில்தான் இருக்கிறது. கல்பற்றாவிலிருந்து பத்தேரிக்குப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். காப்பியும் மிளகும் நெல்லும் விளையும் ஊர். அந்த ஊர்ப் பஞ்சாயத்து 2016-ஆம் வருடம் ஜூன் 5-ஆம் தேதி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அன்று உலகச் சுற்றுச்சூழல் தினம். அப்போது கேரளத்தின் நிதி அமைச்சராக இருந்த தாமஸ் ஐசக் அதைத் தொடங்கி வைத்தார். 'எங்கள் ஊர் வெளியே விடுகிற கரியமில வாயு முழுவதையும் எங்கள் ஊரே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.' இதுதான் திட்டம்.

கரியமில வாயு என்றால் என்ன? விறகு, நிலக்கரி, பெட்ரோல், டீசல் எது எரிந்தாலும் அது வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது. மணமும் இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரும். ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோ எடைகூட இல்லையே, அது எப்படி என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. எரியும்போது காற்றில் உள்ள ஆக்சிஜன் அதோடு சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் எடை கூடுகிறது.

இந்த வாயு பூமியைச் சுற்றிக் கம்பளி போர்த்தியது போல நிற்கிறது. பகலில் வாங்கிய சூட்டை முழுவதும் வெளியே போக விடுவதில்லை. காற்று சூடானால் அதிகமான ஈரத்தைத் தாங்கும். பிறகு பெய்யும்போது கொட்டித் தீர்த்துவிடும்.

2024-ஆம் வருடம் ஜூலை 30-ஆம் தேதி விடியற்காலை முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 200 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதில் நம்மைப் போன்ற தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அந்த மழையைப் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஆராய்ந்தார்கள். பூமி சூடானதால் மழை சுமார் 10 சதவீதம் கூடிவிட்டது என்றார்கள். அதாவது 100 குடம் ஊற்ற வேண்டிய இடத்தில் 110 குடம். மலை சரிய மழை ஒன்றே காரணம் இல்லை. சரிவும், மண்ணும், நிலத்தை நாம் பயன்படுத்தும் விதமும் உண்டு. ஆனால் அந்தக் கடைசிப் பத்துக் குடத்தை லேசாக நினைக்க முடியுமா?

சரி, மீனங்காடிக்கு வருவோம். அவர்கள் முதலில் மரம் நடவில்லை. முதலில் கணக்கு எடுத்தார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. எத்தனை வண்டி, எவ்வளவு மின்சாரம், என்ன அடுப்பு, எத்தனை மாடு, எவ்வளவு குப்பை, எத்தனை மரம்? எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தார்கள். 2016-17-ல் ஊர் வெளியே விட்டது வருடத்துக்குச் சுமார் 33,000 டன். மரமும் மண்ணும் திரும்ப வாங்கிக்கொண்டது சுமார் 22,000 டன். மீதி 11,000 டன். கடைப் பற்று நோட்டில் நிற்கும் பாக்கி போல அது நின்றது. அந்தப் பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

தீர்க்க இரண்டு வழி. ஒன்று, வெளியே விடுவதைக் குறைப்பது. இன்னொன்று, வாங்குகிற மரத்தைக் கூட்டுவது. மரத்தை நட்டால் போதுமா? வெட்டாமல் இருக்க வேண்டுமே! பெண்ணுக்குக் கல்யாணம் வந்தால், ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், விவசாயி முதலில் பார்ப்பது மரத்தைத்தான். அதற்காகத்தான் மர அடகு வந்தது. ஒரு மரத்துக்கு வருடம் 50 ரூபாய். வட்டி இல்லாத கடன். பத்து வருடம் வரை கிடைக்கும். மரம் நிற்கும் வரை கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம். வெட்டினால் கட்ட வேண்டும். இதற்காக மாநில அரசு 10 கோடி ரூபாயை மீனங்காடிக் கூட்டுறவு பேங்கில் போட்டது. அந்தப் பணத்துக்கு வரும் வட்டியிலிருந்து 2021-ல் விவசாயிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

உங்கள் நோட்டில் கணக்குப் போடுங்கள். ஒருவரிடம் 100 மரம் இருந்தால் வருடம் எவ்வளவு? 5,000 ரூபாய். பத்து வருடத்தில்? 50,000 ரூபாய். மரம் மூன்று என்றால் வருடம் 150 ரூபாய்தான். 150 ரூபாய்க்காக ஒருவர் மரத்தை வெட்டாமல் இருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் நிற்கிற மரத்துக்கும் ஒரு விலை உண்டு என்று ஒரு பஞ்சாயத்து சொன்னதே, அது சின்ன விஷயம் இல்லை.

இப்போது நம் கேள்வி. மரம் வைக்க நிலம் வேண்டும். நமக்கு நிலம் ஏது? நாம் இருப்பது கம்பெனியின் லைன் வீடு. பணியர் குடிகளிலும் பல வீடுகளுக்கு நாலு மரம் வைக்க இடம் இல்லை. மரம் உள்ளவருக்கு வருடம் 50 ரூபாய் வருகிறது. நாமோ பிளாஸ்டிக்கை எடுத்துப் போக ஹரித கர்ம சேனைக்கு மாதம் 50 ரூபாய் கொடுக்கிறோம். அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிளாஸ்டிக்கைக் கொல்லைப்புறம் எரித்தால் அந்த நச்சுப் புகை நம் பிள்ளைகளின் மூக்கில்தான் ஏறும். ஆனால் காரும் ரிசார்ட்டும் வைத்திருப்பவரைவிட நாம் விடும் வாயு மிகக் குறைவு. ஊர்க் கணக்கு எழுதும்போது இதையும் எழுத வேண்டும் அல்லவா?

நிலம் இல்லாதவருக்கும் பயன்படும் வழிகள் உண்டு. ஜம்முவில் சாம்பா மாவட்டத்தில் பள்ளி என்று ஒரு கிராமம். பள்ளிக்கூடம் இல்லை, ஊரின் பெயரே பள்ளி! அங்கே 2022 ஏப்ரல் 24-ஆம் தேதி 500 கிலோவாட் சூரிய மின் நிலையத்தைப் பிரதமர் மோடி தொடங்கி வைத்தார். 340 வீடுகளுக்கு மின்சாரம் கொடுப்பதற்காக அமைத்தது அது. அங்கே ஒருவருக்கு எத்தனை மரம் என்ற கேள்வியே இல்லை.

அவ்வளவு பெரியது வேண்டாம், பல்பைப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டால் ஒன்றரை யூனிட்கூட ஆகாது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்து வருவது. ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ அளவுக்குக் கரியமில வாயு போகிறது. ஆக, ஒரு பல்பை மாற்றினால் மாதம் ஐந்து கிலோவுக்கு மேல் மிச்சம். கரண்டு பில்லும் குறையும்.

பஞ்சாயத்தில் இதையெல்லாம் யார் கேட்பது? கேரளத்தில் ஒவ்வொரு வார்டிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கிராம சபை கூட வேண்டும். அது சட்டம். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கூட்டம் செல்லும். நாம் போகாவிட்டால், போகிறவர்கள் அவர்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்வார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது.

நம் வார்டில் புகைக் கணக்கு எடுத்தாயிற்றா? லைன் வீடுகளையும் அதில் சேர்த்தார்களா? நிலம் இல்லாதவருக்கு என்ன திட்டம்? லைனுக்குப் போகும் பாதையில் எல்.இ.டி. விளக்கு எப்போது வரும்? மலைச் சரிவில் மரம் நடும் வேலை வந்தால், அதை நம் பெண்களுக்குக் கூலியோடு தருவார்களா?

நாளை வகுப்பில் இந்தக் கேள்விகளை மனுவாக எழுதுவோம். தமிழில் நீங்களே எழுதுங்கள். மலையாளத்தில் ஒரு பிரதியை நான் எழுதி இணைக்கிறேன். நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். மையும் ரப்பர் தகடும் நான் கொண்டு வரமாட்டேன். இந்த முறை எல்லோரும் கையெழுத்துதான்.