முன் டயரைக் கவனிப்போம்



1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். ஓட்டப் பழகிய நாம் டயரைப் பார்க்கப் பழகினோமா?

எங்கள் குழுவில் ஒரு அக்கா பால் கேனோடு போகையில் முன் டயர் வெடித்து விழுந்தார். கை முறிந்தது. தேய்ந்த பின் டயரைத்தான் முன்னால் மாட்டியிருந்தார். "செலவு மிச்சம்க்கா, மாட்டுங்க"ன்னு சொன்னதே நாங்கதான்.

பாரமும் மிதிக்கிற விசையும் பின் சக்கரத்தில். அதனால் பின் டயர்தான் சீக்கிரம் தேயும். அது வெடித்தால் சமாளித்து நிறுத்தலாம். முன் டயர் வெடித்தால் ஹேண்டில்பார் நம் பேச்சைக் கேட்காது. எனவே பின் டயர் தேய்ந்ததும் அதைக் கழித்துவிடுவோம். முன்னால் உள்ள நல்ல டயரைப் பின்னால் மாட்டி, புதியதை முன்னால் போடுவோம்.

பட்டன் தேய்ந்து வழவழப்பானாலோ, நூல் தெரிந்தாலோ, பக்கவாட்டில் வெடிப்பு, புடைப்பு இருந்தாலோ, அடிக்கடி பஞ்சரானாலோ தள்ளிப்போடக் கூடாது. வாரம் ஒருமுறை காற்றையும் பார்ப்போம்.

கையில் காசு இல்லையா? குழுவில் உள்கடன் கேட்போம். மாவுக்கட்டுச் செலவைவிட டயர் விலை குறைவுதான்.