கம்பெனிக்கு ஆறு மாதம், தொழிலாளிக்கு முப்பது நாள்: துபாய் நெருக்கடி தரும் பாடம்



அமீரகத்தில் 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் அந்த நாட்களை எளிதில் மறந்திருக்க மாட்டா. பாதியில் நின்ற கட்டடங்கள், பள்ளி ஆண்டின் இடையிலேயே ஊருக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், ஒரே கடிதத்தில் முடிந்துபோன வேலைகள். 'அமெரிக்காவில் ஒரு வங்கி விழுந்ததற்கு இங்கே ஏன் வேலை போகவேண்டும்?' என்பதே அன்று பலரின் கேள்வி. அதற்கான விடையை இன்றைய இளைஞர்களும் அறிந்திருப்பது அவசியம்.

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அது தீப்பொறி மட்டுமே. காய்ந்த விறகு இங்கேயே அடுக்கப்பட்டிருந்தது.

முதற் காரணம், வீடு வணிகப் பண்டமானது. அமீரகத்தின் எண்ணெய் வளத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அபுதாபியில் உள்ளது. எண்ணெய் குறைந்த துபாய், துறைமுகத்தையும் சுற்றுலாவையும் மனை வணிகத்தையும் நம்பியது. 2002இல் வெளிநாட்டினரும் வீடு வாங்க வழி திறக்கப்பட்டது. வரைபடத்தில் மட்டுமே இருந்த வீட்டுக்கு முன்பணம் கட்டி, அடுத்த தவணை வருவதற்குள் கைமாற்றி இலாபம் பார்ப்பது வழக்கமாயிற்று. குடியிருப்பதற்காக வாங்கியவரைவிட விற்பதற்காக வாங்கியவர் பெருகினர்.

இரண்டாவது காரணம், நாணயம். திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டுள்ளது. இதனால் அமெரிக்கா வட்டியைக் குறைத்தால் அமீரகமும் பெரும்பாலும் குறைத்தாக வேண்டும். 2007 செப்டம்பர் முதல் அமெரிக்கா தன் நோய்க்கு மருந்தாக வட்டியைக் குறைத்தது. அப்போது வளைகுடாவிலோ விலைவாசி கொதித்துக்கொண்டிருந்தது. நோயில்லாதவனுக்கும் அதே மருந்து புகட்டப்பட்டது! விலைவாசி உயர்வு வட்டியை மிஞ்சியதால் சேமித்தவர் இழந்தார், கடன் வாங்கியவர் இலாபம் கண்டார். 2007 மே மாதம் குவைத் டாலர் பிணைப்பைக் கைவிட்டபின், திர்ஹமின் மதிப்பும் உயர்த்தப்படும் என்று எதிர்பார்த்து வெளிநாட்டுப் பணம் வங்கிகளில் குவிந்தது. அந்த எதிர்பார்ப்பு பொய்த்ததும், வந்த வேகத்திலேயே வெளியேறியது. 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்ட எண்ணெய் விலையும் ஆண்டு முடிவதற்குள் 40 டாலருக்குக் கீழே சரிந்தது.

மூன்றாவது காரணம், கடனுக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாக இல்லாமை. துபாய் வேர்ல்ட், அன்று அதன் துணை நிறுவனமாக இருந்த நகீல் ஆகியவை அரசுக்குச் சொந்தமானவை. ஆகவே அவற்றின் பின்னால் அரசும், அரசின் பின்னால் அபுதாபியும் நிற்கும் என்று கடன் கொடுத்தோர் தாங்களாகவே எண்ணிக்கொண்டனர். 2009 நவம்பர் 25 அன்று துபாய் வேர்ல்ட், கடனைத் திருப்பித் தர ஆறு மாத அவகாசம் கேட்டது. சில நாட்களில் துபாய் நிதித்துறை, அரசு அக்கடன்களுக்கு உத்தரவாதம் அளிக்கவில்லை என்று தெரிவித்தது. உலகப் பங்குச்சந்தைகள் அதிர்ந்தன.

இங்கேதான் அரசியல் வருகிறது. 1971இல் கூட்டாட்சி அமைந்தபோதும் எண்ணெய் வளம் அந்தந்த அமீரகத்தின் சொத்தாகவே நீடித்தது. எனவே உதவி செய்வதா, எவ்வளவு, எப்போது என்பதை அபுதாபியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. டிசம்பர் 14 அன்று அபுதாபி 1,000 கோடி டாலர் வழங்கியது. அதில் 410 கோடி டாலர், அன்றே கெடு முடியவிருந்த நகீலின் இஸ்லாமியக் கடன்பத்திரங்களுக்குச் சென்றது. மூன்று வாரங்கள் கழித்து, 2010 ஜனவரி 4 அன்று, புர்ஜ் துபாய் என்று அறியப்பட்ட உலகின் மிக உயரமான கட்டடம், அன்றைய அமீரக அதிபரும் அபுதாபி ஆட்சியாளருமான ஷேக் கலீஃபாவின் பெயரில் புர்ஜ் கலீஃபா என்று திறக்கப்பட்டது. விளக்கம் வேறு தேவையில்லை.

வளைகுடாவுக்கு இது முதல் அனுபவமும் அன்று. 1982இல் குவைத்தின் சூக் அல் மனாக் பங்குச்சந்தை சரிந்தபோது, பின்தேதியிட்ட காசோலைகளாகவே ஏறத்தாழ 9,400 கோடி டாலர் நிலுவையில் இருந்தது. நாளை விலை ஏறும் என்ற நம்பிக்கையில் இன்று எழுதிய காசோலைகள் அவை.

சரி, இழப்பை யார் சுமந்தனர்? 2009இல் அமீரகப் பொருளாதாரம் 5 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. ஆயினும் வேலையற்றோரின் நீண்ட வரிசைகளை அங்கே யாரும் காணவில்லை. காரணம் எளிது. வேலை போனால் விசா போகும், விசா போனால் மனிதரே போக வேண்டும். மாபெரும் நிறுவனம் ஆறு மாத அவகாசம் கேட்டது. விசா ரத்தான தொழிலாளிக்குக் கிடைத்ததோ முப்பது நாள்! கேள்வி கேட்க அவருக்கு வாக்குரிமையும் இல்லை, தொழிற்சங்கமும் இல்லை.

விமான நிலையத்தில் காரை விட்டுவிட்டு ஓடியவர்கள் பற்றிய செய்திகள் உலகெங்கும் பரவின. எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம். அச்சம் உண்மையானது. வங்கியில் திரும்பிய காசோலை அன்று சிறைக்கு வழிவகுத்தது. ஆனால் காரே இல்லாத கட்டுமானத் தொழிலாளியின் கடன், அவரது ஊரில் வட்டிக்காரரிடம் இருந்தது. விசாவுக்காக அடகு வைத்த நிலமும் நகையும் அங்கேதான் இருந்தன. துபாயின் மந்தம் இவ்வாறு இராமநாதபுரத்துக்கும் தஞ்சைக்கும் விமானம் ஏறி வந்தது. எந்த நாட்டுப் புள்ளிவிவரத்திலும் அது இடம்பெறவில்லை.

பின்னர் சில மாற்றங்கள் வந்துள்ளன. 2022 ஜனவரி முதல் பணமின்றித் திரும்பும் காசோலை பெரும்பாலும் குற்ற வழக்காவதில்லை. 2023 ஜனவரி முதல் வேலையிழப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. குறைந்தது 12 மாதம் சந்தா செலுத்தியவர், தானாக விலகாமல் வேலையிழந்தால், அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை மூன்று மாதம் வரை பெறலாம். வீட்டுப் பணியாளர்கள் இதில் சேர்க்கப்படவில்லை என்பது பெருங்குறை. விசா வேலையோடு கட்டப்பட்டிருக்கும் அடிப்படை நிலையும் பெரும்பாலோருக்கு மாறவில்லை.

பெற்றோர்களே, ஆறு மாதக் குடும்பச் செலவைக் கையிருப்பாக வைத்திருங்கள். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திடாதீர்கள். சம்பள உயர்வை நம்பி ஊரில் மனை வாங்கக் கடன் எடுக்காதீர்கள். வீட்டின் வரவு செலவைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

இளைஞர்களே, ஒரு நகரம் வானளாவ எழும்போது அதன் உயரத்தை மட்டும் பார்க்காமல், 'இது யார் கடன்? தவறினால் யார் கட்டுவார்?' என்று கேட்கப் பழகுங்கள். 2009இல் அக்கேள்விக்கு விடை தெரியாமலே விலை கொடுத்தவர்களுள் நம் தந்தையரும் அண்ணன்மாரும் இருந்தனர். அவர்களது அனுபவம் வீணாகாமல் காப்பது உங்கள் கடமை.