நந்தன் வேடத்தில் ஒரு ஓதுவார் குரல்

இத்தாலிய ஓபராவில் கதாநாயகன் பெரும்பாலும் 'டெனர்', அதாவது மேல் ஸ்தாயியில் பாடும் ஆண் குரல். மைக் கிடையாது. மேடைக்குக் கீழே வாத்தியக் கோஷ்டி முழங்க, பாட்டு கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டும். இதில் பேர்போன என்ரிக்கோ கரூசோ 1902இல் மிலான் நகரில் இசைத்தட்டுக்குப் பாடினார். அதன்பின் அரங்கத்தையே பார்க்காதவர்களும் அவருக்கு ரசிகர்கள் ஆனார்கள்.

தமிழில் அந்த மாதிரிக் குரல் யார் என்று கேட்டால், நான் எம்.எம். தண்டபாணி தேசிகரைச் சொல்வேன். 1908இல் திருச்செங்காட்டங்குடியில் ஓதுவார் மரபில் பிறந்தவர். ஓதுவாருக்கு மேடை கருங்கல் மண்டபம். குரலை அடக்கினால் சன்னிதி தாண்டிப் போகாது. கத்தினாலோ கல்லில் மோதி எதிரொலித்துச் சொல் குழம்பிவிடும். நாதமும் வேண்டும், எழுத்தும் சிதையக்கூடாது. தேவாரம் தந்த இந்தப் பாடத்தோடுதான் அவர் சினிமாவுக்குப் போனார்.

பட்டினத்தார், தாயுமானவர், மாணிக்கவாசகர் என்று வரிசையாக அடியார் வேடங்கள். 1942இல் ஜெமினியின் 'நந்தனார்'. ஏழு வருஷம் முன்னால்தான் கே.பி. சுந்தராம்பாள் லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு அதே நந்தனாக நடித்திருந்தார். ஒப்பிடாமல் இருப்பார்களா? பின்னணிப் பாட்டு பரவாத காலம், நடிப்பவரே பாடவும் வேண்டும். தேசிகரின் நடிப்பு சுமார்தான், சொல்லிவிடுகிறேன். ஆனால் பாபநாசம் சிவன் இலதாங்கியில் அமைத்த, பிறவி வேண்டாம் என்று கெஞ்சும் அந்தப் பாட்டைக் கேளுங்கள். மேலே போன குரல் அங்கேயே நிற்கும், ஆனாலும் ஒரு சொல்கூட நசுங்காது. நடிப்பில் விட்டதையெல்லாம் அங்கே வட்டியோடு பிடித்துவிடுகிறார்.

படம் முழுக்கத் தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்குப் போகத் தவிக்கிறார் நந்தன். அந்த வேடம் கட்டியவர் பின்னாளில் தினமும் தில்லையிலேயே வேலை பார்த்தார்! அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1929இல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் அது. 1941இல் தமிழிசை மாநாடு அங்கேதான் கூடியது. தமிழில் பாடுவதற்கே மாநாடு கூட்ட வேண்டியிருந்தது என்றால், காலம் எப்படி இருந்திருக்கும்! 1946இல் திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் தேசிகர் விநாயகர் மேல் ஒரு தமிழ்ப் பாட்டுப் பாட, அதுவே பெரிய சர்ச்சையானது. அவர் அசரவில்லை.

பாரதிதாசன் பாட்டொன்றுக்குத் தேஷ் ராகத்தில் மெட்டமைத்தவரும் அவர்தான். 1951இல் 'ஓர் இரவு' படத்தில் வந்த அந்தப் பாட்டை இன்றும் கச்சேரிகளில் பாடுகிறார்கள். பாட்டு பாரதிதாசன், ராகம் தேஷ் என்று அறிவிப்பதோடு சரி. மெட்டு யாருடையது என்பதையும், நம் வானொலி அறிவிப்பாளர்கள் உட்பட, யாராவது சேர்த்துச் சொன்னால் தேவலை.