குற்றம் இல்லை, ஆனாலும் ஜெயில்

நம் நாட்டு ஜெயில் கணக்கில் விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி தவிர இன்னொரு இனமும் இருந்தது: 'நான்-கிரிமினல் லூனாடிக்'. குற்றம் எதுவும் செய்யாத பைத்தியம் என்று அர்த்தம். செய்யவில்லை என்று தங்கள் கையாலேயே எழுதிவிட்டு, பூட்டியும் வைத்தார்கள்!

இதற்கு வழி போட்டது 1912-ல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த லூனசி சட்டம். சித்தம் கலங்கித் தெருவில் திரிபவரைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். சரி, டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை ஆளை எங்கே வைப்பது? மனநல ஆஸ்பத்திரி எங்கோ இருக்கும். ஜெயில் பக்கத்திலேயே இருக்கும். அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பிறகு மறந்தும் விட்டார்கள். வழக்கு இருந்தவர்கள் கதியும் இதேதான். 1982-ல் அன்றைய பீகாரின் ஹசாரிபாக் சிறை விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, முப்பது வருஷத்துக்கு மேல் உள்ளே கிடந்தவர்கள்கூட இருந்தது தெரிந்தது.

அப்படி வழக்கு இருந்த இன்னொருவர், அசாமில் மச்சாங் லாலுங். 1951-ல் ஒருவரைக் காயப்படுத்தியதாகக் கைதானபோது வயது 23. மனநிலை சரியில்லை என்று தேஜ்பூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். 1967-ல், நன்றாக இருக்கிறார் என்று அந்த ஆஸ்பத்திரியே சொல்லிவிட்டது. அவரைக் கோர்ட்டில் நிறுத்தினார்களா? இல்லை, குவாஹாட்டி ஜெயிலுக்கு மாற்றினார்கள். அங்கேதான் கிழவரானார்.

நடுவில் 1993-ல், பத்திரிகையாளர் ஷீலா பார்ஸே தொடுத்த வழக்கில், குற்றம் செய்யாத மனநோயாளியை ஜெயிலில் வைப்பதே சட்டவிரோதம் என்றது உச்ச நீதிமன்றம். பெரிய தீர்ப்புதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மச்சாங்குக்கு அது பயன்படவில்லை. அவர் பேரில்தான் ஒரு வழக்கு இருந்ததே! மேலும் பன்னிரண்டு வருஷம் போனது. 2005-ல் மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு வெளியே வந்தார், வயது 77. எழுதிக் கொடுத்த சொந்த ஜாமீன் ஒரு ரூபாய். 54 வருஷத்தில் விசாரணை ஒருநாளும் நடக்கவில்லை.

இன்று சட்டம் என்ன சொல்கிறது? 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 100-வது பிரிவைத் தேடிப் படியுங்கள். சித்தம் கலங்கித் திரிபவரைப் போலீஸ் அழைத்துப்போனால், 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கவே கூடாது. வீடு இல்லாதவரோ தெருவில் திரிந்தவரோ என்றால், காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு, குடும்பத்தைத் தேட வேண்டியதும் அந்த ஸ்டேஷன் அதிகாரிதான்.