ஊருக்கு ஒரு சித்திரக் கூடம்



சித்திரக் கூடம் என்றவுடன் உங்களில் பலர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தையோ தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தையோ நினைத்துக்கொள்வீர்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அத்தகைய பெரிய நிலையங்களைப் பற்றி அன்று. ஓர் ஊரின் மக்கள் தாமே கூடி, தம் கைப்பொருளைக் கொண்டு, இலாபம் கருதாமல் நடத்தும் சிறு கூடத்தைப் பற்றியது என் பேச்சு. பள்ளியில் ஓவிய ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற பின், நானும் நண்பர் நால்வரும் எங்கள் ஊரில் பழைய நெற்கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து அப்படி ஒன்றை நடத்தி வருகிறோம். எங்களுடையது கைத்தறி நெசவாளர் நிறைந்த ஊர். இலாபம் கருதவில்லை என்று நான் சொல்லும்போதெல்லாம் எங்கள் பொருளாளர் சிரிப்பார். கருதியிருந்தாலும் கிடைத்திராது என்பது அவர் கருத்து.

முதலாண்டில் எங்கள் கூடத்திற்கு ஆள் வரவில்லை. சுவருக்கு வெள்ளையடித்தோம், படங்களுக்குச் சட்டம் இட்டோம், ஒவ்வொன்றின் கீழும் நானே ஆராய்ந்து விளக்கம் எழுதி மாட்டினேன். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்குப் பூட்டினோம். ஞாயிறு விடுமுறை. நுழைவுக் கட்டணம் ஐந்து ரூபாய். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் எங்கள் உறவினர் பெயர்களே திரும்பத் திரும்பக் காணப்பட்டன. ஊராருக்குக் கலையில் நாட்டமில்லை என்று நாங்கள் தீர்ப்பும் எழுதிவிட்டோம். அந்தத் தீர்ப்பு எத்துணைப் பிழையானது என்பதை எனக்குக் காட்டியது, கடல் கடந்த ஒரு கூடத்தின் வரலாறு.

இலண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் ஒயிட்சேப்பல் என்றொரு வட்டாரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது வறுமைக்குப் பெயர் பெற்ற இடம். துறைமுகக் கூலிகளும், தையல் தொழிலாளரும், இரஷ்யப் பேரரசிலிருந்து உயிர் தப்பி வந்த யூதர்களும் நெருக்கியடித்து வாழ்ந்தனர். 1873ஆம் ஆண்டில் அங்குள்ள தேவாலயம் ஒன்றிற்குக் குருவாக வந்தவர் சாமுவேல் பார்னெட். அவருடைய மனைவி ஹென்ரியட்டா. பசித்தவனுக்குச் சோறு வேண்டும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் அவனுக்குக் கண்ணும் உண்டு என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. 1881ஆம் ஆண்டு ஈஸ்டர் காலத்தில், தேவாலயத்தைச் சேர்ந்த பள்ளியின் அறைகளிலேயே ஓவியக் கண்காட்சி ஒன்றை அமைத்தனர். பள்ளிக்கூடச் சுவர்தான். ஆனால் அதில் தொங்கியவை செல்வர் வீடுகளிலிருந்தும் புகழ் பெற்ற ஓவியர்களிடமிருந்தும் இரவல் வாங்கிய படங்கள். அக்காலத்தின் பேரோவியர் வாட்ஸ் போன்றவர்களும் தம் படங்களைத் தந்து உதவினர். அந்தச் சேரிக்கா அனுப்புவது என்று கேட்டோரும் இருந்திருப்பர். அனுப்பினவர்களின் நம்பிக்கையைத்தான் நான் வியக்கிறேன்.

பார்னெட் தம்பதியினர் ஆண்டுதோறும் இதனைத் தொடர்ந்தனர். உழைப்பவன் ஓய்வு பெறும் வேளையில் திறந்திருக்க வேண்டும் என்பதற்காக இரவிலும் விளக்கேற்றி வைத்தனர். ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் திறந்தனர். இந்த ஞாயிறுதான் பெரும் பூசலைக் கிளப்பியது. அது ஆண்டவனுக்குரிய நாள், அன்று காட்சி நடத்துவது பாவம் என்று சமயப் பற்றாளர் பலர் கண்டித்தனர். பார்னெட்டோ தாமே ஒரு குரு. அவர் அசையவில்லை. வாரத்தில் ஆறு நாள் உழைப்பவனுக்கு ஏழாம் நாளில் கதவைச் சாத்திவிட்டு, அவனுக்குக் கலையுணர்வு இல்லை என்று சொல்வது நேர்மையாகாது அல்லவா?

இதனைப் படித்த அன்று எங்கள் பெயர்ப்பலகை என் நினைவுக்கு வந்தது. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை! எங்கள் ஊரில் அந்நேரமெல்லாம் தறி ஓடும் நேரம். ஞாயிறு எங்கள் நெசவாளருக்கு மற்றுமொரு வேலை நாள். அமாவாசையன்றுதான் எங்கள் தெருக்களில் தறிச் சத்தம் ஓயும். ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆயினும் பலகை எழுதும்போது அலுவலகங்களின் வழக்கத்தை அப்படியே எழுதிவிட்டேன். அடுத்த மாதம் முதல் மாலை ஆறு மணிக்கு மேல் திறந்தோம். அமாவாசையன்று காலை முதல் இரவு வரை திறந்து வைத்தோம். கட்டணத்தை எடுத்துவிட்டு வாசலில் ஓர் உண்டியலை வைத்தோம். முதல் அமாவாசையில் வந்த கூட்டத்திற்கு எங்களிடம் செருப்பு வைக்க இடமில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு மூதாட்டி வந்தார். சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். மீனும், பறவையும், யானையும், எருமையும், மலர் கொய்யும் மாந்தரும் அதில் உண்டு. அதன் ஒரு பகுதியை நான் படியெடுத்து வைத்திருந்தேன். கீழே சமண சமயக் கருத்தையும், பாண்டியர் காலத்தையும், வண்ணம் பூசிய முறையையும் நுணுக்கமாக எழுதி மாட்டியிருந்தேன். அம்மையார் அந்த எழுத்தின் பக்கம் திரும்பவே இல்லை. படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு என்னை அழைத்து, "ஐயா, இதற்குக் கரை எங்கே?" என்று கேட்டார்.

குளத்துக்குக் கரையைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, "படத்தில் அந்தப் பகுதி வரவில்லை, அம்மா" என்றேன். "அதில்லை ஐயா. உடல் முழுக்கப் பூவாக ஓடுகிறதே, கரை கட்டாமல் எப்படி நிறுத்தினார்கள்?" என்றார். அவர் கேட்டது சேலைக்குக் கட்டும் கரையை! பத்து நாள் உட்கார்ந்து அதனைப் படியெடுத்தவன் நான். அந்த ஓவியத்தில் இலையும் கொடியும் ஒன்றையொன்று தாங்கி எல்லையின்றிப் பரவுவதைக் கை அறிந்திருந்தது, கருத்து அறியவில்லை. நாற்பதாண்டு தறியில் அமர்ந்தவருக்கு ஒரே பார்வையில் அது தெரிந்தது. அன்றிரவே என் விளக்கங்களில் பாதியைக் கழற்றினேன்.

விளக்கமே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். ஒயிட்சேப்பலில் ஒரு பென்னி விலையில் படப் பட்டியல் விற்றார்கள். ஒவ்வொரு படத்திற்கும் எளிய நடையில் குறிப்பு இருந்தது. தொண்டர்கள் படத்தருகே நின்று பேசினார்கள். 1884இல் பார்னெட் தோற்றுவித்த டாயின்பீ ஹாலில் வந்து தங்கிய பல்கலைக்கழகத்து இளைஞர்கள் இத்தகைய தொண்டுகளில் ஈடுபட்டனர். உங்கள் வயதினர்தாம். பார்வையாளர் படங்களைக் கண்டு பேசியவற்றை ஹென்ரியட்டா காது கொடுத்துக் கேட்டு, கட்டுரையாகவும் எழுதி வைத்தார். ஆனால் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் குறிப்புகள் எந்தப் படத்திலும் ஒரு நீதியைப் பிழிந்தெடுக்க முயன்றன. ஏழைக்குப் படம் காட்டினால் அவன் உடனே திருந்திவிட வேண்டும் என்ற அவசரம் அவற்றில் தெரிகிறது. நல்லெண்ணம் உடையவர்களுக்கே வரும் நோய் இது. எனக்கும் வந்தது.

இப்போது நாங்கள் ஒரு தகரப் பெட்டியில் பன்னிரண்டு படங்களை வைத்து, சுற்று வட்டாரப் பள்ளிகளுக்குக் கொண்டு செல்கிறோம். ஒரு படத்தை மாட்டி, ஐந்து நிமிடம் ஒருவரும் பேசக்கூடாது என்போம். பிறகு, முதலில் உன் கண்ணில் பட்டது எது என்று மட்டும் கேட்போம். ஐந்து நிமிடம் என்பது வகுப்பறையில் எத்துணை நீண்ட காலம் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். முதல் முறை ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டான். வராது என்றேன். அப்பாடா என்று உட்கார்ந்து, அதன் பிறகுதான் அவன் படத்தைப் பார்த்தான். கூடத்திலும் 'தொடாதே' என்ற பலகையை எடுத்துவிட்டு, தொடுவதற்கென்றே வண்ணம் தடித்துப் பூசிய ஒரு பலகையை வாசலில் வைத்தோம். அதனைத் தடவிப் பார்த்த குழந்தை உள்ளே வந்து சுவரைத் தொடுவதில்லை.

ஒயிட்சேப்பல் கதையை மேலும் சொல்ல வேண்டும். அங்கே கூட்டம் பெருகவே, நிலையான கட்டடம் ஒன்று எழுந்தது. சார்லஸ் ஹாரிசன் டவுன்சென்ட் அதன் சிற்பி. 1901ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் திறக்கப்பட்ட அதன் முதற் கண்காட்சிக்கு இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்தனர். பெருங்கூடங்களுக்கு உள்ளது போன்ற உயர்ந்த படிக்கட்டு அதற்கு இல்லை. தெருவில் நடப்பவன் அப்படியே உள்ளே நுழையலாம். அவ்வட்டாரத்து யூத இளைஞர்களான மார்க் கெர்ட்லர், டேவிட் பாம்பெர்க் போன்றோர் பின்னாளில் ஓவியர்களாகப் பெயர் பெற்றனர். 1914இல் அதே கூடத்தில் நடந்த புதுக்கலைக் கண்காட்சியில் யூத ஓவியர் பகுதியை அமைத்தவர்களில் பாம்பெர்க் ஒருவர்.

1939ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கு வந்தது பிக்காசோவின் 'கெர்னிக்கா'. 1937 ஏப்ரல் 26இல் விமானங்கள் குண்டு வீசி அழித்த ஸ்பெயின் நாட்டுச் சிற்றூரின் பெயர் அது. ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் உள்ள அந்தப் படத்தில் கருப்பும் வெள்ளையும் சாம்பல் நிறமும் தவிர வேறு வண்ணம் இல்லை. உள்ளூர்த் தொழிற்சங்கத்தார் முயன்று வரவழைத்த அக்காட்சியைத் திறந்து வைத்தவர் கிளெமென்ட் அட்லி. நமக்கு விடுதலை வந்தபோது பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர். ஸ்பெயின் குடியரசின் படை வீரர்களுக்கு அனுப்புவதற்காகப் பார்வையாளரிடம் காலணி கேட்கப்பட்டது. மக்கள் கொணர்ந்த காலணிகள் அந்த மாபெரும் படத்தின் அடியில் வரிசையாக வைக்கப்பட்டன. அம்மாதமே பார்சிலோனா வீழ்ந்தது. ஏப்ரலில் போரும் முடிந்தது. குடியரசு தோற்றது. காலணிகள் காலங்கடந்து வந்தன என்று வரலாற்று மாணவர் சொல்லலாம். நுழைவுக் கட்டணத்தைப் பற்றி வாதம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலணி வரிசைதான் கண்முன் நிற்கிறது. சென்ற ஆண்டு எங்கள் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சிக்கு, இயன்றவர் ஒரு பென்சில் தரலாம் என்று எழுதி வைத்தோம். தகரப் பெட்டி போகும் பள்ளிகளுக்கு அப்பென்சில்களும் போயின.

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடித்தால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். வாடகை, மின்சாரம், சட்டம், கண்ணாடி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். உண்டியலும் ஆண்டுச் சந்தாவும் வாடகைக்கே சரியாகிவிடும். செல்வர் ஒருவர் புதுக் கட்டடமே கட்டித் தருவதாகச் சொன்னார். கட்டணம் வசூலிக்க வேண்டும், கூட்டம் ஒழுங்காக இருக்க அமாவாசைத் திறப்பை நிறுத்த வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் விதித்தார். எங்கள் ஐவரில் இருவர் ஏற்கலாம் என்றனர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மூன்று இரவுகள் விவாதித்து, வேண்டாம் என்று எழுதியனுப்பினோம். அக்கடிதத்தை எழுதியவன் நான். கை நடுங்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒயிட்சேப்பல் கூடத்தின் முகப்பிலும் வால்டர் கிரேன் என்ற ஓவியர் வரைந்து கொடுத்த பெரிய பதிகல் சித்திரம் பணமின்மையால் இடம் பெறாமல் போயிற்று. அந்த இடம் வெறுமையாகவே இருந்து, 2012இல்தான் ரேச்சல் ஒயிட்ரீட் என்ற சிற்பியின் பொன்னிறமான இலைகள் அங்கே ஏறின. நூறாண்டுக்கு மேல் முகப்பு வெறுமையாக இருந்தும் உள்ளே காட்சிகள் நடந்து வந்தன.

எங்கள் கூரை இன்னும் ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்கு முன் வடமேற்கு மூலையிலுள்ள படங்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவோம். மழை இல்லாத மாலைகளில் அந்த வெற்றுச் சுவரடியில் பிள்ளைகள் அமர்ந்து வரைகிறார்கள். மழை வந்தால் பலகையைத் தூக்கிக்கொண்டு தாமரைக் குளத்தின் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள்.