களஞ்சியப் பூனையும் கூடத்துப் பூனையும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோரின் கண்கள் முதலில் இராசகிரியின் உச்சியை நாடுகின்றன; அடுத்து, கலியாண மகாலின் மாடங்களில் போய் நிற்கின்றன. அடிவாரத்தில் தடித்த சுவர்களோடும் வளைந்த கூரையோடும் விளங்கும் களஞ்சியத்தை நின்று பார்ப்போர் சிலரே. ஆயினும், உண்ண நெல் இல்லாத கோட்டையை எந்த மதிலும் காத்து நிற்பதில்லை. 1690ஆம் ஆண்டு தொடங்கி 1698ஆம் ஆண்டுவரை மொகலாயர் முற்றுகையைக் கண்ட கோட்டை இது. இத்தகைய இடத்தில் களஞ்சியத்தின் அருமையை நான் சொல்ல வேண்டுவதில்லை.

நெல் குவியும் இடத்தை எலி நாடும். எலி நாடும் இடத்தைப் பூனை நாடும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தப் பூனையின் உணவு. கோட்டையிலே தொடங்கிப் பூனையிலே வந்து நிற்கிறாரே என்று மாணவ நண்பர்கள் சிரிக்கலாம். பூனை நம் வீட்டுக்கு வந்த வரலாறே களஞ்சியத்தின் வரலாறுதான். அதை அறியாமல் அதன் உணவைப் பற்றி அறிய முடியாது.

மேற்கு ஆசியாவில் மனிதர் பயிரிடக் கற்று, தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியது ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. சேமித்த தானியத்தை எலிகள் தேடி வந்தன. அவற்றைத் தேடிக் காட்டுப்பூனைகள் வந்தன. சைப்பிரசுத் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில், மனிதன் ஒருவனுக்கு அருகே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நம் தொல்காப்பியத்தின் மரபியலும் வெருகையும் எலியையும் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து வைத்து, இரண்டின் இளமைக்கும் ‘குட்டி’ என்னும் பெயர் உரியது என்கிறது. மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் தவக்கோலம் பூண்டு நிற்கும் பூனையின் காலடியில் எலிகளைச் செதுக்கிய சிற்பியும் இந்த உறவை அறிந்தவனே.

இந்த நீண்ட காலம் முழுவதும் மனிதன் பூனைக்கு முறையாக உணவிட்டானா என்றால், பெரும்பாலும் இல்லை. சிறிது பால் வைத்தான். மிஞ்சிய சோற்றைப் போட்டான். பூனை அதையும் நக்கிவிட்டுத் தன் உண்மையான உணவை இரவில் தானே தேடிக்கொண்டது. ஒரு தட்டு தயிர்ச்சோற்றிலே பூனை கொழுத்து வளர்ந்தது என்று பாட்டிமார் நம்பியதற்குக் காரணம், அது வெளியே தின்ற எலியை அவர்கள் கணக்கில் சேர்க்காததுதான்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை செஞ்சி வழியே செல்கிறது. வண்டிகளுக்கும் தெருநாய்களுக்கும் அஞ்சிப் பலர் பூனையைக் கூடத்துக்குள்ளேயே வளர்க்கிறார்கள். சன்னல்களுக்கு வலை அடிக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடே. பூனையின் ஆயுள் நீளும், முற்றத்துச் சிட்டுக்குருவியும் பிழைக்கும். ஆனால், அடைத்த கதவுக்குள் எலி வருவதில்லை. நாம் வைக்கும் தட்டுக்கு வெளியே அந்தப் பூனைக்கு வேறு உணவே கிடையாது. அத்தட்டில் ஒரு சத்து குறைந்தால், அதன் உடம்பில் அச்சத்து குறைந்தே தீரும்.

செஞ்சியில் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். புலால் உண்ணாத குடும்பம். வீட்டுக்குள் வளர்த்த பூனைக்கு நாள்தோறும் பாலும் தயிர்ச்சோறுமே கொடுத்து வந்தார். மூன்றாம் ஆண்டில் அப்பூனை பெட்டிமேல் தாவும்போது தவறி விழலாயிற்று. நடுப்பகல் வெளிச்சத்திலும் அதன் கருமணி விரிந்தே இருந்தது. கால்நடை மருத்துவர் கண்களைச் சோதித்த பிறகு கேட்ட கேள்வி, “ஐயா, இது எலி பிடிக்கிறதா?” என்பது. “எங்கள் வீட்டில் எலியே இல்லை, டாக்டர்” என்று ஆசிரியர் பெருமையோடு சொன்னார். “அப்படியானால் இதற்கு இறைச்சியே கிடைக்கவில்லை” என்றார் மருத்துவர். உணவை மாற்றியதால் நோய் மேலும் வளராமல் நின்றது. போன பார்வை திரும்பவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று நாம் வேடிக்கையாகச் சொல்கிறோம். அந்தப் பூனைக்கோ கண்ணைத் திறந்தபோதே உலகம் இருண்டுபோயிற்று.

இதன் காரணத்தை அறிவியல் கண்டறிந்த கதை சுவையானது. டாரின் என்று ஒரு பொருள் உண்டு. 1827ஆம் ஆண்டில் எருதின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்தமையால், எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாலேயே அதற்குப் பெயர் அமைந்தது. மனிதரும் நாயும் வேறு சத்துகளிலிருந்து இதைத் தம் உடம்பிலேயே ஆக்கிக்கொள்கிறார்கள். பூனையால் போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே பெற வேண்டும். பாலிலிருந்து பிரித்த கேசின் என்னும் புரதத்தை மட்டும் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைந்ததையும், டாரின் குறைவே அதற்குக் காரணம் என்பதையும் 1975ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்டனர். 1987ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் மற்றோர் உண்மை தெரிந்தது. பூனையின் இதயத்தசை தளர்ந்து, இதயம் பருத்துவிடும் நோய்க்கும் இந்தக் குறைவே காரணம். அந்நோய்ப்பட்ட பூனைகளுட் சில, கடையில் விற்ற உணவையே தின்று வந்தவை! அதன் பின்னரே உற்பத்தியாளர்கள் தம் உணவில் டாரினின் அளவை உயர்த்தினார்கள். அழகிய பைக்குள் இருப்பதெல்லாம் நல்லது என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இது சான்று.

பூனைக்கு வேறு சில தனித்தன்மைகளும் உண்டு. கேரட்டின் மஞ்சள் நிறப்பொருளை நம் உடல் ‘ஏ’ உயிர்ச்சத்தாக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடலால் அது முடியாது. இனிப்பை உணரும் மரபணு பூனையிடம் செயலிழந்து கிடப்பது 2005ஆம் ஆண்டில் அறியப்பட்டது. பாயசமும் வெறும் பாலும் அதற்கு ஒன்றே. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதால், பால் குடித்தால் வயிறு கழிகிறது. சுருங்கச் சொன்னால், பூனை உருவிலே சிறியது. உணவிலே புலியின் உறவு.

‘அப்படியானால் பணக்காரர் மட்டுமே பூனை வளர்க்கலாம் போலும்’ என்று நீங்கள் எண்ண வேண்டா. குறைந்த செலவில் நல்ல உணவைத் தேர்ந்தெடுக்க இயலும். அதற்கு வேண்டியது பள்ளிக்கூடத்துக் கணக்கும் சிறிது பொறுமையும்.

கடையில் ஒரு பையை எடுத்தவுடன் முன்பக்கத்துப் படத்தைப் பாராமல் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். அது முழுமையான சமச்சீர் உணவு என்று கூறப்பட்டிருக்கிறதா, வளர்ந்த பூனைக்கா குட்டிக்கா என்று பாருங்கள். இடைத்தீனி என்றோ துணை உணவு என்றோ இருந்தால், அதை மட்டுமே கொடுத்துப் பூனையை வளர்க்க முடியாது. பொருள்களின் பட்டியலில் கோழி, மீன் முதலிய பெயர்கள் முன்னே நிற்பது நல்லது. நாய்க்கான உணவு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். பூனைக்கு வேண்டிய டாரின் அதில் இருக்கும் என்று உறுதி இல்லை.

அடுத்தது புரதம். அமெரிக்காவில் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் வகுத்துள்ள அளவின்படி, நீரை நீக்கிய உணவில் வளர்ந்த பூனைக்கு நூற்றுக்கு 26 பங்கும் குட்டிக்கு 30 பங்கும் புரதம் குறையாமல் இருக்க வேண்டும். ‘நீரை நீக்கிய’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். உலர் உணவுப் பையில் புரதம் 30 என்றும், ஈர உணவுப் பொட்டலத்தில் 10 என்றும் எழுதியிருக்கும். உலர் உணவே சிறந்தது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். உலர் உணவில் நீர் 10 பங்கு. எஞ்சிய 90இல் புரதம் 30, அதாவது மூன்றில் ஒன்று. ஈர உணவில் நீர் 80 பங்கு. எஞ்சிய 20இல் புரதம் 10, அதாவது பாதி!

மூன்றாவது விலை. ஒரு கிலோ என்ன விலை என்று கேட்பது போதாது. ஒரு நாளைக்கு என்ன செலவு என்று கேட்க வேண்டும். வீட்டுக்குள் வாழும் நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 210 கலோரி போதும் என்று கொள்வோம். முதற்பை கிலோ 300 ரூபாய்; ஒரு கிலோவில் 3,000 கலோரி. இரண்டாம் பை 380 ரூபாய்; அதில் 4,000 கலோரி. முதலாவதில் நாளுக்கு 70 கிராம் வேண்டும். செலவு 21 ரூபாய். இரண்டாவதில் ஏறத்தாழ 53 கிராமே போதும்; செலவு 20 ரூபாய். விலை மிகுந்த பையே சிக்கனமான பையாக முடிகிறது. இவை விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட விலைகள். உங்கள் ஊர்க் கடையின் விலையை வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். கலோரி அச்சிடப்படாத பையில், எடைக்கேற்ப நாளுக்கு எத்தனை கிராம் என்னும் அட்டவணை இருந்தால் அதுவே போதும்.

சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் உணவு மலிவுதான். ஆனால், அது என்று செய்யப்பட்டது, என்றுவரை நன்றாயிருக்கும் என்பதை அறிய வழியில்லை. காற்றுப் பட்டால் கொழுப்புக் காறிப்போகும். பெரிய பை வாங்கினால் கிலோவுக்கு விலை குறையும். ஒற்றைப் பூனை அதைத் தின்று முடிப்பதற்குள் அது கெட்டுவிடுமாதலால், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது நலம். பங்கிட்டதை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். பையிலுள்ள தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு உணவை அடியோடு விலக்க வேண்டுவதில்லை. கோழியின் இதயம் மலிவானது; டாரின் நிறைந்தது. கோழித் தொடைக்கறியிலும் அது மிகுதி. உப்பும் மசாலாவும் இன்றி வேகவைத்து, எலும்பை நீக்கி, வெந்த நீரோடு சேர்த்தே கொடுங்கள். டாரின் நீரில் கரைவதால், அந்நீரைக் கொட்டினால் சத்தையும் கொட்டியவராவோம். மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்களும் நல்லவை. ஆனால் சமைத்தே தர வேண்டும். சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உண்டு. வேகவைத்தால் அது ஒழியும். கருவாட்டில் உப்பு மிகுதி. குழம்பில் மிஞ்சிய மீன்துண்டில் வெங்காயமும் பூண்டும் ஊறியிருக்கும். அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. வெறும் இறைச்சியில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. ஈரலே உணவானால் ‘ஏ’ உயிர்ச்சத்து அளவு மீறும். ஆகவே, முழுமையான உலர் உணவை அளந்து கொடுத்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் சிறிதளவு வீட்டு உணவைச் சேர்ப்பதே எளிய குடும்பத்துக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து. சோறு ஒரு பிடி கலந்தால் குற்றமில்லை. சோறே உணவாகிவிடக் கூடாது.

பூனையின் முன்னோர் வறண்ட நிலத்து உயிர்கள், தாகம் குறைந்தவை. உலர் உணவு தின்னும் பூனைக்கு இரண்டு மூன்று இடங்களில் நல்ல நீர் வையுங்கள். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கி, ஒன்றும் வராமல் தவித்தால், மறுநாள் பார்க்கலாம் என்று இராமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். உணவை மாற்றும்போது பழையதோடு புதியதைக் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். ‘பசித்தால் தின்னும்’ என்று பட்டினி போடுவது ஆபத்து. கொழுத்த பூனை சில நாள் உண்ணாதிருந்தாலே ஈரலில் கொழுப்பேறி உயிருக்கு இறுதியாகலாம். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் தராசில் ஏறி நின்றால் கணக்குத் தெரிந்துவிடும்.

முன்னே சொன்ன ஆசிரியர் இன்றும் புலால் உண்ணாதவர்தாம். “என் நோன்பு எனக்கு, அதன் தட்டு அதற்கு” என்று அவர் என்னிடம் சொன்னார். பூனையின் தட்டைத் தனியே கழுவித் தனியே வைக்கிறார். பார்வையற்ற அப்பூனை, தட்டு வைக்கும் ஓசை கேட்டு, சுவரோரமாகவே நடந்து வந்து உண்கிறது. நமக்குப் பிடித்ததைக் கொடுப்பது எளிது. அந்த உயிருக்கு வேண்டியது எது என்று கேட்டு, நம் வருவாய்க்குள் அதைத் தேடிக் கொடுப்பதற்குச் சிறிது படிப்பும் வேண்டும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரு பையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். அங்கேயே நின்று ஒரு நாள் செலவைக் கணக்கிடுங்கள். உங்கள் வீட்டில் பூனை இல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டுப் பூனைக்கு அது பயன்படும்.